பெரிய வியாழன் தண்ணீர்

தண்ணீர் கலங்கவே கலங்காது, பன்னிரண்டு பேர் கால் நனைந்த பிறகும் அந்த அகன்ற பித்தளைப் பாத்திரத்தின் அடியில் பதித்த சிலுவை பளிச்சென்று தெரியும், பீடத்துக்கு முன்னால் சீடர்களாகப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பன்னிரண்டு ஆண்களும் பெரிய வியாழக்கிழமை மத்தியானமே வீட்டில் தேங்காய் நாரும் சோப்பும் போட்டுக் காலைத் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் பவுடர்கூடப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்கு வருவார்கள், காலைக் கழுவிவிடும் பங்குச்சாமி கையில் அழுக்குப் படக்கூடாதாம், கழுவப்போகிற காலைக் கழுவிக்கொண்டு வருகிற ஊர் வேறெங்கே இருக்கும், சீடர்களின் புழுதிக் காலை ஆண்டவர் குனிந்து கழுவினார் என்று வாசகம் வாசிக்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், இப்போது சிரிக்கவும் தெம்பில்லை.

என் வீட்டுக்காரர் கஸ்பார் அந்தப் பன்னிரண்டில் ஒருவர், கல்யாணமான வருஷத்திலிருந்து நான்தான் அவர் காலைத் தேய்த்துவிடுவேன், ஏளா கூசுது விடு என்று இழுத்துக்கொள்வார், கடல் உப்பில் காய்ந்த கால், அதில் வலது கால் இப்போது இல்லை, சர்க்கரை வியாதி, ஒரு சிப்பி கீறினதுதான், புண் ஆறாமல் போய் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு மனுஷன் வாசற்படி தாண்டவில்லை, யாராவது பார்க்க வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார், விடிந்தால் கட்டு மாற்றி, சோறாக்கி, மீன்கூடையோடு சந்தைக்கு ஓடி, திரும்பி வந்து அவரைத் தூக்கி உட்காரவைத்து, ஐயோ என் இடுப்பே, நின்றுகொண்டே தூங்குகிறேன், தூக்கத்தில் அவர் இரண்டு காலோடும் கடற்கரை மணலில் நடந்துபோகிறார், நான் சொம்பில் தண்ணீரோடு பின்னாலேயே ஓடுகிறேன், எட்டவில்லை, விழித்தால் கையில் பஞ்சு இருக்கிறது.

பங்குச்சாமி வீட்டுக்கே வந்தார், கஸ்பார், ஒன் எடம் அப்படியே இருக்கு, வந்து உக்காரு என்றார், ஒத்தக் கால வச்சிக்கிட்டு ஊர் சிரிக்கவா சாமி, வேற ஆளப் பாருங்க என்று இவர் சுவரிடம் சொன்னார், ஆண்டவர் கால் கழுவ வந்தப்ப பேதுருவும் முதல்ல மாட்டேன்னுதானப்பா சொன்னாரு, கழுவுறவனுக்கு என்ன, குனிஞ்சா போதும், காட்டுறவனுக்குத்தான் கஷ்டம் என்று சொல்லிவிட்டுச் சாமி போய்விட்டார், மாதாவே, இவரை ஒரே ஒரு நாள் வெளியே கொண்டுவந்துவிடு, இந்த நாலு சுவருக்குள் இவரோடு சேர்ந்து நானும் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்கு அடுப்படியில் நின்று கேட்டேன், கேட்டதை நினைத்தால் எனக்கே பாவமாக இருந்தது.

வியாழக்கிழமை சந்தையிலிருந்து வந்து கூடையை இறக்குகிறேன், ஏளா, அந்த நார எடு என்கிறார், நான் அசந்துபோய் நிற்கிறேன், என்ன முழிக்க, காலத் தேய், பூசைக்கு நேரமாச்சு என்று கத்துகிறார், அந்தக் கத்தலைக் கேட்டு எத்தனை மாதம், இருக்கிற ஒரு காலை மடியில் வைத்துத் தேய்க்கிறேன், கூசுது என்று அவர் இழுக்கவில்லை.

ஆட்டோவில் ஏற்றி, ஊன்றுகட்டையைப் பிடித்து, பெஞ்சில் அவர் இடத்தில் உட்காரவைத்துப் பின்னாலேயே நான் நிற்கிறேன், சாமி முழங்காலிட்டு ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வருகிறார், எல்லாருக்கும் வலது காலைத்தான் முதலில் பிடிப்பார், பழக்கதோஷம், இவரிடம் வந்தபோதும் கை வலப்பக்கம் போய் வேட்டி மடிப்பில் வெறுமனே நின்றது, எழுந்து ஓடக்கூட முடியாதே இவரால், ஆனால் கஸ்பார் இடது காலை நீட்டினார், கழுவித் துடைத்து முத்தமிட்டு எழப்போன சாமியின் தோளைத் தொட்டு, சாமி, இன்னொரு காலுக்கான தண்ணி மிச்சம் கெடக்குல்லா, அத இவளுக்கு ஊத்துங்க என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஐயையோ வேண்டாம் சாமி என்றேன், சந்தையிலிருந்து வந்த கால், செதிலும் சகதியும் ஒட்டிக்கொண்டு, பித்தவெடிப்பெல்லாம் கறுப்பேறி, அவர் காலைத் தேய்த்த அவசரத்தில் என் காலை நான் மறந்தே போனேன், ஏளா, காட்டு என்றார் இவர், பக்கத்து ஆள் நகர்ந்து இடம்விட்டார், உட்கார்ந்தேன், உட்கார்ந்ததும் இத்தனை நாள் அலுப்பும் மொத்தமாகக் காலுக்கு இறங்கி வந்தது, சாமியின் கை குதிகாலைப் பிடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது, கஸ்பார் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன், அவர் நகரவில்லை, சாய்ந்தபடியே கீழே பார்த்தேன், பாத்திரத்தில் தண்ணீர் கலங்கியிருந்தது, அடியில் சிலுவை தெரியவில்லை.