கேட்காமல் போட்ட ஊசி

நூலகத்தின் மாடி அரங்கில் அன்று நாற்காலி போதவில்லை. 'மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், உடம்பே சொல்லும்' என்று மேடைக்குப் பின்னால் துணி கட்டியிருந்தார்கள். மருந்தே இல்லாமல், நாள் பார்த்து, உடம்பின் சூடு பார்த்து, கருத்தரிப்பதைத் தள்ளிப்போடுவது எப்படி என்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுக்கும் குழு நடத்திய கூட்டம் அது. குழுவின் தலைவி பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கணக்கு டீச்சர்தான். கருத்தடை மாத்திரையையும் ஊசியையும் பற்றி மருத்துவமனைகள் பெண்களிடம் பாதிதான் சொல்கின்றன என்று ஆறு மாதமாகப் பேசிவந்தவர், இந்த முறை ஒரு டாக்டரம்மாவையே மேடைக்கு அழைத்திருந்தார். நாலு பேர் முன்னால் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று தீர்மானம்.

மேடை ஓரத்தில், வெளிச்சம் கைமேல் விழும்படி நின்றிருந்தவள் பெரியவள். மேடையில் பேசுவதைக் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்வதும், அவர்கள் சைகையில் சொல்வதை மற்றவர்களுக்கு வாயால் சொல்வதும் அவள் தொழில். பெரியவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். சின்னவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், காது கேளாத இன்னும் ஐந்து பேரோடு. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தங்கையோடு கையால் பேசி, கையால் சண்டை போட்டுத்தான் பெரியவளுக்கு இந்தத் தொழிலே கைவந்தது.

சின்னவள் பள்ளிச் சீருடை தைப்பவள். கூட்டம் என்றால் காத தூரம் ஓடுகிறவள். மாடிப்படியில் அவளைப் பார்த்ததுமே பெரியவள் சைகையில் கேட்டாள், "நீ எங்கடி இங்க?"

"நீ வேலை செய்யறத நான் பாத்ததே இல்லயே. அதான்" என்றாள் சின்னவள்.

கணக்கு டீச்சர் ஆரம்பித்தார். காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே தெர்மாமீட்டர் வைக்க வேண்டும், கசிவைக் கவனிக்க வேண்டும், எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் குறிக்க வேண்டும் என்று கரும்பலகைப் பழக்கத்தில் விரலால் காற்றில் எழுதிக்காட்டினார். கருப்பை என்ற சொல் வரும்போதெல்லாம் ஆண்கள் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். அந்த விசிறியை அன்றுபோல யாரும் ஆராய்ந்திருக்க மாட்டார்கள்.

"வாந்தி, தலவலி, மனசு சரியில்ல. இதெல்லாம் மாத்திரையால வரலாம்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லுவாங்களா? மாட்டாங்க. விழுங்கும்மா, கெளம்பும்மா, அவ்வளவுதான்."

டாக்டரம்மா மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "டீச்சர் சொல்ற முறை தப்பில்ல. ஆனா அது ரெண்டு பேரும் சேர்ந்து கண்டிப்பா செய்யணும். நாள் தவறிட்டா கஷ்டம். வீட்டுக்காரர் கேக்கலன்னாலும் கஷ்டம். மாத்திரையும் ஊசியும் எல்லாருக்கும் ஒத்துக்காது. ரத்தக் கொதிப்பு இருக்கா, முன்னால ரத்தக் கட்டி வந்திருக்கான்னு கேட்டுட்டுதான் குடுக்கறோம்."

"கேக்கறீங்களா?" என்று டீச்சர் அரங்கைப் பார்த்துத் திரும்பினார். கைதட்டல் எழுந்தது.

கேள்வி நேரம் வந்தது. முதலில் எழுந்தவள் சின்னவள். மைக்கோடு ஓடிவந்தவர் அவளிடம் நீட்டிவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு பெரியவளிடம் கொடுத்தார். தங்கை சைகையில் 'நான்' என்றால் அக்காவும் வாயால் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தொழிலின் முதல் விதி அது.

"நான் தையல்காரி" என்று பெரியவளின் குரல் அரங்கில் கேட்டது. "என் பொண்ணுக்கு ரெண்டு வயசாவுது. அவ பொறந்த ஆறாவது வாரம் தடுப்பூசி போட எடுத்துட்டுப் போனோம். அன்னைக்கு எனக்கும் ஒரு ஊசி போட்டாங்க. எதுக்குன்னு கேட்டேன். உடம்பு தேறன்னு பதில் வந்துது. மூணு மாசத்துக்கு ஒண்ணு, மொத்தம் நாலு ஊசி."

பெரியவளின் குரல் லேசாகத் தடுமாறியது. சின்னவளின் கைகள் நிற்கவில்லை.

"மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு. உள்ள என்னமோ கெட்டுப்போச்சுன்னு பயந்தேன். உடம்புதான் தேறிடுச்சே, இனி எதுக்குன்னு ஊசிய நானே விட்டுட்டேன். அதுவும் ஒரு வருஷம் ஆச்சு. இன்னொரு கொழந்த வேணும்னு காத்திருக்கோம். நிக்கல. போன மாசம் உங்க நோட்டீசுல ஒரு சீட்டு படம் பாத்தேன், கருத்தடை ஊசிச் சீட்டுன்னு போட்டிருந்துது. அதே சீட்டு என் பீரோல இருக்கு."

அரங்கில் சலசலப்பு. கணக்கு டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "உடம்பு தேறன்னு யாரும்மா சொன்னது? நர்ஸா?"

பெரியவள் கேள்வியைச் சைகையில் திருப்பினாள். சின்னவள் டீச்சரைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துச் சைகை செய்தாள்.

நர்ஸ் இல்லை. என் அக்கா.

பெரியவள் மைக்கை வாயிலிருந்து இறக்கினாள். அந்த நாள் அப்படியே கண்முன் வந்து நின்றது. பசியில் வீரிட்ட குழந்தை, நீண்ட வரிசை, தூக்கம் இல்லாமல் கண்ணில் குழி விழுந்த தங்கை. தையல் பிரிந்து மறுபடி போட்ட பிரசவம் அது. "ஊசி போட்டுட்டா நிம்மதி. இல்லன்னா வருஷத்துக்குள்ள மறுபடி வந்து நிப்பாங்க. அவங்களுக்கு எடுத்துச் சொல்றீங்களா?" என்று நர்ஸ் கேட்கத்தான் கேட்டாள். பெரியவள், "போட்டுடுங்க, நான் சொல்லிக்கறேன்" என்றாள். தாளில் கையெழுத்தும் போட்டாள். பிறகு தங்கையிடம் இரண்டே சைகை: உடம்பு, தேற. வீட்டுக்குப் போய் விளக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்போது நினைத்தாள். வீட்டுக்குப் போனதும் ஆயிரம் வேலை. அப்புறம் சொல்வதற்கே கூச்சமாகிவிட்டது.

'நர்ஸ்தான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். டீச்சர் காத்திருப்பதும் அந்தச் சொல்லுக்குத்தான். சைகை தெரிந்த ஐந்து பேருக்கு இவள் வாயில் வருவது கேட்காது. காது கேட்கும் இருநூறு பேருக்குச் சைகை தெரியாது.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நர்ஸ் இல்ல. என் அக்கா" என்றாள். பிறகு, விதியை மீறி, தன் சொல்லாக ஒன்றைச் சேர்த்தாள். "அந்த அக்கா நான்தாங்க."

மின்விசிறியைப் பார்த்தவர்கள்கூட அவளைப் பார்த்தார்கள். தான் வாயால் சேர்த்ததைப் பெரியவள் தங்கைக்குச் சைகையில் காட்டினாள். சின்னவள் தலையை மட்டும் அசைத்தாள்.

டீச்சர் சமாளித்துக்கொண்டார். "யார் சொன்னா என்ன? ஊசி செஞ்ச வேலையப் பாத்தீங்கல்ல? இதத்தான் நான் ஆறு மாசமா..."

சின்னவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நான் ஊசிமேல குத்தம் சொல்ல வரல" என்று பெரியவள் சொன்னாள், தங்கையின் சொல்லாக. "அன்னைக்கு எங்கிட்ட கேட்டிருந்தா, போடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன். அப்ப இருந்த உடம்புக்கு இன்னொண்ணு தாங்காது. ஆனா கேக்கலயே. டீச்சர், உங்க நோட்டீசிலயும் 'உங்க மனைவிய ஊசியிலேருந்து காப்பாத்துங்க'ன்னுதான் போட்டிருக்கீங்க. எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. எல்லாரும் என் தலைக்கு மேலதான் பேசிக்கறீங்க."

டீச்சர் தன் கையில் இருந்த நோட்டீசைத் திருப்பிப் பார்த்தார். உட்கார்ந்தார். டாக்டரம்மாதான் மெதுவாகப் பேசினார். "கடைசி ஊசிக்கப்புறம் பழைய நிலைக்கு வர ஒரு வருஷம்கூட ஆகலாம். அதனால கொழந்த பொறக்காமலே போயிடாதும்மா. இத மொதல் நாளே உங்ககிட்டயே சொல்லியிருக்கணும். கையெழுத்து வாங்கினதும் எங்க வேல முடிஞ்சுதுன்னு விட்டுட்டோம்."

கூட்டம் கலைந்தது. படியிறக்கத்தில் பெரியவள் தங்கையின் கையைப் பிடித்தாள். பிடித்தால் அவளால் பேச முடியாது என்று நினைவு வந்ததும் விட்டுவிட்டாள்.

"தப்புதான். ஆனா வீட்டுலயே எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ அழுவ. நான் உன்னச் சமாதானம் பண்ணிட்டு இருந்திருப்பேன். அங்க நீ அழ முடியாது. நான் சொன்னதச் சொல்லித்தான் ஆகணும்" என்றாள் சின்னவள்.

"மன்னிச்சிடுடி."

"இன்னும் கோவம் தீரல. தீர்ந்தா சொல்றேன். செவ்வாக்கிழம டாக்டர்கிட்ட போறேன். நீயும் வா. அக்காவா வராத. வேலைக்கு வர்ற மாதிரி வா."

செவ்வாய்க்கிழமை அப்படித்தான் போனாள். டாக்டரம்மா பழக்க தோஷத்தில் பெரியவளைப் பார்த்து, "இவங்களுக்கு இப்ப மாசாமாசம் சரியா வருதா?" என்று ஆரம்பித்தார்.

"அவங்களப் பாத்தே கேளுங்க டாக்டர். நான் பக்கத்துல இருக்கேன்."

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சின்னவள் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு வருடத்துக்கான கேள்வி சேர்ந்திருந்தது. மாதவிலக்கு நாலு மாதமாகத் தவறாமல் வருகிறது என்று தெரிந்ததும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. கரு தங்கும் நாளைக் கண்டுபிடிக்கக் கணக்கு டீச்சரின் கட்டத் தாளே நன்றாக உதவும் என்று அவரே சொன்னபோது, சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தை வேண்டாம் என்பதற்கு வகுப்பெடுப்பவரிடம் குழந்தை வேண்டும் என்று போய் நின்றால் அவர் முகம் எப்படிப் போகும்!

கடைசியில் சின்னவள் மேசையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தாள். "மிச்சத்த நான் எழுதிக் கேட்டுக்கறேன். நீ வெளிய இரு" என்றாள் அக்காவிடம்.

பெரியவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கை டாக்டரிடம் என்ன கேட்கிறாள், டாக்டர் என்ன பதில் சொல்கிறார் என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருப்பது வாழ்க்கையில் இதுவே முதல் முறை. வலித்தது. எழுந்து கதவருகே போகக் கால் துடித்தது. போகவில்லை.

கால் மணி கழித்துச் சின்னவள் வந்தாள், தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டே. பெரியவள் அதைப் பற்றி வாயையும் திறக்கவில்லை, கையையும் அசைக்கவில்லை. இருவரும் வெயிலில் இறங்கிப் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள்.