ஏழு பாகம்

விசாரணை தொடங்குவதற்கான பீரங்கி முழங்கியபோது வரிசையில் நின்றவர்களில் ஜபெஸ் ட்ரெலோர் மட்டும் திடுக்கிடவில்லை. இங்கிலாந்தின் ஷீர்னஸ் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த தலைமைக் கப்பலின் மேல்தளம் அது. மூழ்கிப்போன 'பெவென்சி' போர்க்கப்பலின் முந்நூறு பேரில் மிஞ்சிய அறுபத்திரண்டு பேரும் அங்கே நின்றார்கள்.

"என்னடா, சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்தவன் மாதிரி நிக்கிற?" என்றான் பக்கத்தில் நின்ற நெட் ஸ்கல்லி.

"யாரை மாட்டிவிடுவாங்க, நெட்?"

"கேப்டன் மூழ்கிட்டாரு. அவர் மேல பழி போட்டு என்ன பண்றது? வழி கணிச்சவர் கிரிம்ஷா. கிழவரோட பொழப்பு இன்னைக்கோட போச்சு. உனக்கென்ன, நீ ஆழம் பார்த்துக் கத்தினே. உன் வேலை முடிஞ்சுது."

ஜபெஸ் தன் விரல்களைப் பார்த்தான். கத்தியது உண்மைதான். டச்சுக்கரை மணல்திட்டுகளுக்கு அருகே, விடிவதற்கு முன், பனி கொட்டிக்கொண்டிருந்தது. கப்பலின் பக்கத்தில் வெளியே நீட்டிய பலகையில் நின்று ஈயக்குண்டை வீசி வீசி இழுத்துக்கொண்டிருந்தான். கயிற்றில் ஐந்து பாகத்துக்குப் பருத்தித் துணி, ஏழு பாகத்துக்குக் கம்பளித் துணி; ஒரு பாகம் ஆறடி. இருட்டில் நிறம் தெரியாது. விரலால் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். விரல் மரத்தால் உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அன்று உதடும் மரத்திருந்தது. கப்பலைத் திருப்ப வேண்டிய பருத்தியா, போகவிடக்கூடிய கம்பளியா, தெரியவில்லை. முன்பு ஏழு என்று சொல்லியிருந்தான். மறுபடியும் "ஏழு பாகம்!" என்று கத்தினான். கிரிம்ஷா கப்பலை அப்படியே போகவிட்டார்.

கப்பல் மணல்திட்டில் தட்டிப் பிளந்த பிறகு, கயிற்றைப் பிடிக்க முடியாத அவனைச் சட்டையைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டவரும் கிரிம்ஷாதான்.

உள்ளே அழைத்தார்கள். நீளமேசையைச் சுற்றிப் பதின்மூன்று கேப்டன்கள். எழுத்தர் கப்பலின் பணிவரலாற்றை வாசித்தார். டெட்ஃபோர்டில் கட்டியது. ஐம்பது பீரங்கி. பிரெஸ்ட் துறைமுகத்துக்கு வெளியே மூன்று குளிர்காலம் காவல். ஜமைக்காவில் காய்ச்சலில் நூற்றுப்பத்துப் பேர் சாவு. பாய்மரம் கழற்றி மெட்வே ஆற்றில் ஆறு வருடம் சும்மா நின்றது. பிறகு அமெரிக்கா. கடைசியாக வடகடலில் வணிகக் கப்பல்களுக்குத் துணை. இருபத்து நான்கு வருடத்தை வாசித்து முடிக்க, ஒருவர் மூக்குப்பொடி போட்டுத் தும்மி முடிக்கும் நேரம்தான் ஆனது. அதில் பன்னிரண்டு வருடம் ஜபெஸினுடையதும்தான். யாரோ ஒருவருடைய சாமான்களைப் பட்டியல் போடுவதைக் கேட்பது போல அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

கிரிம்ஷா எழுந்தார். "ஏழு பாகம்னு கேட்டேன். நம்பினேன். பன்னிரண்டு வருஷத்துல ட்ரெலோர் தப்பா சொன்னதே இல்லைங்க. என் கணக்குதான் பிசகியிருக்கணும்."

ஜபெஸை முன்னால் வரச் சொன்னார்கள்.

"கயிறு காட்டினதைத்தான் சொன்னியா?" என்றார் விசாரணைத் தலைவர்.

அவன் நின்றான். கடியாரத்தின் சத்தம் கேட்டது. வெளியே யாரோ தளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்றால் கிரிம்ஷாவின் வேலை போய்விடும். எழுத்தர் இறகுப்பேனாவை மையில் தொட்டுவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க ஐயா. கயிறு என்ன காட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. கையிலயும் உணர்ச்சி இல்ல, உதட்டுலயும் இல்ல. சும்மா ஏழுன்னு சொல்லிட்டேன். அவர் மேல தப்பு இல்லீங்க."

மேசையில் சிறு முணுமுணுப்பு. அவனுக்குப் பயமாக இல்லை. சாட்டையடியை நினைத்துப் பார்த்தான். அதுவும் இன்னொருவன் முதுகில் விழப்போவது போலத்தான் இருந்தது.

தலைவர் குனிந்து ஒரு தாளைப் பார்த்தார்.

"அந்தப் பலகையில எவ்வளவு நேரம் நின்னே?"

"அஞ்சு மணி நேரம் ஐயா."

"உறைபனியில அஞ்சு மணி நேரமா? மத்த ஆளுங்க மணிக்கு ஒரு தடவை மாறுவாங்களே. உன்னை மட்டும் ஏன் மாத்தலை?"

ஜபெஸ் வாயைத் திறந்தான். கேள்வி எங்கே போகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"நானே நிக்கிறேன்னு சொன்னேன் ஐயா."

"நீ சொல்றதுக்கு இங்க என்ன இருக்கு? உத்தரவு யாரோடது?"

"என்னோடது," என்றார் கிரிம்ஷா, உட்கார்ந்தபடியே. "ரெண்டு தடவை மாத்து ஆள் வந்தான். ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பிட்டேன். அந்தத் திட்டுங்க நடுவுல எனக்கு இவன் குரல் மட்டும்தான் வேணும்னு இருந்தது."

எழுத்தர் எழுதினார்.

தீர்ப்பு அன்று பிற்பகலே வந்தது. எல்லோரையும் மறுபடி நிற்கவைத்து வாசித்தார்கள். ஆழம் பார்க்கும் ஆளை உரிய நேரத்தில் மாற்றாத அலட்சியத்துக்காக கிரிம்ஷா பணியிலிருந்து நீக்கப்படுகிறார். இனி அரசரின் எந்தக் கப்பலிலும் அவர் வழி கணிக்கக் கூடாது. மற்றவர்கள் அனைவரும் குற்றமற்றவர்கள்.

"தப்பிச்சேடா!" என்று நெட் அவன் முதுகில் தட்டினான்.

கிரிம்ஷா தன் சிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணிப்பக்கம் போனார். ஜபெஸ் ஒதுங்கி வழிவிட்டான். ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் படிகளைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினார். படகு கப்பலை விட்டு விலகிப் போனது.

தீர்ப்பில் ஜபெஸ் ட்ரெலோர் என்ற பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லை.