பையின் இன்னொரு பிடி

டிசைன் டிப்ளோமா முடிக்க ஆறு மாதப் பயிற்சிக் கடிதம் வேண்டும். அதற்காகத்தான் சஞ்சீவனி கண்டியில் அந்த மிஷன் காரியாலயத்தில் சேர்ந்தாள். காலை எட்டரைக்கு ஜெபம். அவள் கை கூப்பாமல் தலையை மட்டும் தாழ்த்தி நிற்பாள். "வேல எங்க வேணும்னாலும் பாரு. யாருகிட்டயும் கையேந்தி நிக்காத," என்று சொல்லித்தான் அப்பா அனுப்பியிருந்தார்.

ஜெபம் முடிந்தால் ஞாயிறு ஆராதனை அறிவித்தல், சிறுவர் முகாம் பதாகை, வெளிநாட்டு அன்பளிப்பாளருக்கு மாதாந்த மடல். தோட்டங்களிலிருந்து வரும் படங்களை நேராக்குவாள், திகதியை அழிப்பாள், வானத்தைக் கொஞ்சம் கறுப்பாக்குவாள். பொறுப்பாளர் திலீபன் யாழ்ப்பாணத்தார், நல்ல மனிதர். "சிரிக்கிற முகம் வேண்டாம் தங்கச்சி, எடுபடாது," என்று அன்பாகவே சொல்வார்.

அவளுடைய அப்பா திருச்செல்வம், தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நிவாரணம் வந்த காலமெல்லாம் பெயர் எழுதும் மேசையில் உட்கார்ந்தவர். வரிசையில் நின்றவர் அல்லர். நவம்பர் மழையில் மலை சரிந்து பதினொரு நாள் பாதை மூடிக் கிடந்தபோதும், "வீட்டுல எல்லாம் இருக்கு. நீ வேலயப் பாரு," என்றுதான் போனில் சொன்னார்.

ஜனவரியில் திலீபன் ஒரு படத்தை அவள் திரையில் திறந்து வைத்தார்.

நவம்பர் மழைக்குப் பிறகு அவள் ஊர்த் தோட்டத்தில் மிஷன் நிவாரண அரிசி கொடுத்த நாளில் எடுத்தது. பைகள் போதாமல் இரண்டு வீட்டுக்கு ஒரு பை கொடுத்திருக்கிறார்கள். படம் எடுக்காமல் பை கொடுப்பதில்லை என்பது மிஷனின் ஒழுங்கு. ஆகவே பையின் ஒரு பிடியைத் தோட்டத் தொழிலாளர் லயத்து இரத்தினம்மா பிடித்திருந்தாள். மற்றப் பிடியைப் பிடித்திருந்தவர் கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டையோடு, கமராவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் மடலுக்கு முன்பக்கம், பதாகைக்கும் இதுதான். ஐயாட முகத்தைப் பாருங்கோ, எப்பிடி உடைஞ்சு போய் நிக்கிறார்."

இவர் என் அப்பா என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "ரெண்டு பேரையும் போட்டா எழுத்துக்கு எடம் காணாது சேர். அந்தம்மாவ மட்டும் வைப்போமா?"

திலீபன் சற்று யோசித்தார். "ஓம். தனிய நிண்டால் இன்னும் மனசைத் தொடும்." பதாகைக்கு வாசகமும் அவரே சொன்னார்: "இவளுக்கு யாருமில்லை."

அப்பாவை அழிக்க அவளுக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. தோளிலிருந்து தொடங்கி, முகத்தைக் கடைசியாக அழித்தாள். அந்த இடத்தில் சுவரை நகலெடுத்து ஒட்டினாள். பைதான் சொன்னபடி கேட்கவில்லை. அவர் விட்ட பிடி மேலே தூக்கியபடியே நின்றது. இறக்கினால் பை கிழிந்தது போலத் தெரிந்தது. பையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். திலீபன் பார்த்துவிட்டுப் பாராட்டினார். பஸ் பாதையோரம் பதாகை ஏறியது.

தைப்பூசத்துக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது இரத்தினம்மா வந்தாள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"கிளாக்கரையா, ஹந்தானை மாப்பிள வீட்டுக்காரங்க சொல்லி அனுப்பிட்டாங்க. என் மகள வேணாமாம்."

"பாக்கு வெத்தல மாத்தியாச்சே. ஏனாம்?"

"கண்டியில என் படத்த ஆள் ஒசரத்துக்கு கட்டியிருக்காங்க. பஸ்ஸுல போறப்போ போன்ல படம் புடிச்சி அனுப்பியிருக்காங்க, பாருங்க. யாருமில்லையாம் எனக்கு. என் தம்பிமாரு ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கானுங்க, அவனுங்களையும் சேத்துக் கொன்னுட்டாங்க." சிரிப்பது போல வாய் கோணியது. "பிச்சைக்கு நிக்கிற வீட்டுல பொண்ணெடுக்க மாட்டாங்களாம்."

திருச்செல்வம் அவள் நீட்டிய போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"பைக்கு ரெண்டு புடிங்க ஐயா. மத்தது அந்தரத்துல நிக்குது பாருங்க. அதப் புடிச்சிருந்தது யாருன்னு நமக்குத் தெரியும். நீங்க ஹந்தானைக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. தோட்டமே வரிசையில நின்னுச்சு, நானும் நின்னேன்னு சொன்னா போதும். ஒங்க பேச்சுக்கு அங்க மதிப்பிருக்கு. கல்யாணம் நிக்காது."

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் எங்கே என்ன வேலை செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சஞ்சீவனி அறிந்தாள். வாய் திறந்தால் அப்பா நிவாரணத்துக்கு நின்றதும் மகள் அதை மறைத்ததும் ஹந்தானை வரைக்கும் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் போகும். அவள் திறக்கவில்லை. அவர் சொல்வார் என்று காத்திருந்தாள்.

"நான் அன்னைக்கு வரலியே இரத்தினம்மா," என்றார் அவர். "வேற யாராச்சும் நின்னிருப்பாங்க."

இரத்தினம்மா அவரைப் பார்க்கவில்லை. குசினி வாசல் ஆணியில் வெங்காயத்தோடு தொங்கிய பையை, அதன் மேலிருந்த மிஷன் முத்திரையைப் பார்த்தாள். அன்று அரிசியைப் பங்கு பிரித்த பிறகு, பை ஐயா வீட்டிலேயே இருக்கட்டும் என்று மரியாதைக்காக விட்டுப் போனவள் அவள்தான்.

"அப்ப சரிங்க ஐயா," என்று போனை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

ஒரு லயத்துப் பெண்ணின் முன்னால் அதுவரை பொய் சொல்லி அறியாத மனிதர், அவள் தலை மறையும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து பையைக் கழற்றி, வெங்காயத்தைத் தரையில் கொட்டி, பையை நாலாக மடித்து மகளிடம் நீட்டினார்.

"கண்டிக்குப் போறப்போ இத எங்கயாச்சும் போட்டுரு."

அவள் வாங்கிக்கொண்டாள். கதவோரம் உருண்ட வெங்காயங்களை இருவருமே பொறுக்கவில்லை.