சாப்பாட்டு நேரத்து மூச்சுப் பயிற்சி

நர்சிங் மாணவிகளுக்கு மன அழுத்தம் கூடிவிட்டது என்று கனடாவின் வின்னிபெக் நகரில் இருந்த அந்தக் கல்லூரிக்காரர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வார்டுப் பயிற்சி நாளில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கிடைக்கும் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் மன அமைதி வகுப்பு. கட்டாயம் வரவேண்டும். வேறு நேரமே கிடைக்கவில்லையாம்!

ஜெனலின் பலாசியோ காலை நாலரைக்கு எழுந்து, பனியில் இரண்டு பஸ் மாறி வந்தவள். வந்ததிலிருந்து உட்காரவில்லை. அவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைத் தாள்கள் இருந்தன, இரண்டும் பஸ் தாமதத்துக்காக. மூன்றாவது வந்தால் படிப்பு அவ்வளவுதான். முடிய இன்னும் நாலே மாதம்.

“கண்ணை மூடுங்க. மூச்சை மெதுவா உள்ள இழுங்க,” என்றார் பயிற்சி ஆசிரியை கோவல்சுக்.

ஜெனலின் இழுத்தாள். பையிலிருந்த பிலிப்பைன்ஸ் கோழிக் குழம்பு அடோபோவின் வாசம்தான் உள்ளே போனது. வந்த ஆத்திரத்தில் டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி சோற்றை வாயில் போட்டாள். பூண்டும் வினிகரும் மணக்க, மூடியிருந்த கண்கள் எல்லாம் திறந்தன.

“கிறுக்கா உனக்கு? மூணாவது தாள்டி!” என்று கிசுகிசுத்தாள் தோழி பிரியல்.

“வாயில சோறு இருக்கு. பேச வைக்காத.”

கோவல்சுக் விடுவிடுவென்று வந்தார். தாளில் ‘ஒழுங்கீனம்’ என்று எழுதி நீட்டினார். “கையெழுத்துப் போடு.”

ஜெனலின் கரண்டியைக் கீழே வைத்தாள். “மாட்டேன் மேடம். நோயாளியைப் பத்தி எழுதுறப்போ ‘முரட்டு ஆளு’ன்னு உங்க அபிப்பிராயத்தை எழுதாதீங்க, கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்கன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? இப்போ என்ன பார்த்தீங்களோ அதை எழுதுங்க. உடனே போடுறேன்.”

ஆசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு, எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ‘மணி 12.14. மாணவி சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிட்டாள்.’

ஜெனலின் கையெழுத்துப் போட்டாள்.

“இதை டீனுக்கு அனுப்பினா நீ வெளியில. தெரியுமில்ல?”

“தெரியும். ஒரு எழுத்துக்கூட மாத்தாம அனுப்புங்க.”

கோவல்சுக் தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“எல்லாரும் சாப்பிடுங்க,” என்றார், யாரையும் பார்க்காமல். “பத்து நிமிஷம்தான் இருக்கு.”

“பன்னிரண்டு இருக்கு, மேடம்,” என்றாள் ஜெனலின்.