ஸ்பூனில் நிற்கும் பதம்

கழுவிய கிண்ணத்தையே அவள் மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். நார் உரசும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"போதும்மா, விடு. பாத்திரம் தேஞ்சுடும்," என்றார் பக்கத்து வீட்டு டீச்சர். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தார். "உன் வீட்டுக்காரர் போன் பண்ணினார். வண்டிக்குச் சொல்லிட்டாராம். உங்க அண்ணனும் கிட்ட வந்துட்டாராம்."

அண்ணன் என்றதுமே கிண்ணம் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. அப்பா போன துக்கம் ஒரு பக்கம் இருக்க, அண்ணன் வருகிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அதை நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. பெற்ற தகப்பன் கூடத்தில் வெள்ளைத் துணிக்கடியில் கிடக்கிறார். மகள் அடுப்படியில் நின்று தடயத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வீட்டில் கொஞ்ச காலமாகவே கடிக்க வேண்டாத சமையல்தான். ஒருத்திக்குப் பல் இப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. இன்னொருவருக்குப் பல் எல்லாம் இருந்தும், பக்கவாதம் வந்து பாதி வாயை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பூசணியோ காரட்டோ உருளைக்கிழங்கோ, ஒரே பாத்திரத்தில் ஆவியில் வேகும், ஒரே மிக்ஸியில் அரையும். அதற்குப் பிறகுதான் வழி பிரியும். குழந்தையின் பங்கில் உப்புக் கிடையாது. தாய்ப்பால் கொஞ்சம் பீய்ச்சி விட்டு, ஸ்பூனைச் சாய்த்தால் வழிகிற பதத்துக்கு இளக்க வேண்டும். அப்பாவின் பங்குக்கு உப்பும் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் உண்டு. ஆனால் இளக்கக் கூடாது. நீர்த்துப் போனால் இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும் என்று, ஆஸ்பத்திரியில் விழுங்கப் பழக்குகிற பெண் அவளையும் அண்ணனையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள். ஒரு ஸ்பூன் மசியலை எடுத்துக் கவிழ்த்துக் காட்டி, "இது நின்னா அவருக்கு. விழுந்தா பாப்பாவுக்கு," என்று சிரித்தாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் மருந்துக் கடை வைத்திருப்பவன். அவன் தெருவில் பாதிப் பேருக்கு டாக்டர், மீதிப் பேருக்கு அரை டாக்டர். "கடையில டின் டின்னா குழந்தைச் சாப்பாடு விக்குறேன், நீ ஏன் அடுப்புல கெடந்து வேகுறே?" என்று தங்கையைக் கேலி செய்கிறவன். அப்பா விஷயத்தில் மட்டும் அவனுக்குக் கேலி வராது. மூக்கில் ட்யூப் போட்டுவிடலாம் என்றான். போட்டார்கள். அப்பா பிடுங்கி எறிந்தார். மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினார். அவருடைய நல்ல கையைக் கட்டிலோடு கட்டிவிடலாம் என்று பேச்சு வந்தபோதுதான் அவள் குறுக்கே வந்தாள்.

"கையக் கட்டாதீங்க. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வாயாலயே குடுத்துக்கறேன். என் பொறுப்பு."

"உன் பொறுப்பா? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன், பாத்துக்க."

"கேளு."

அன்றைக்கு வீறாப்பாகச் சொன்னது. இன்றைக்கு அவன் கேட்கத்தான் வந்துகொண்டிருக்கிறான்.

அப்பா பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் 'டிரைவர்'தான். பேத்திக்கு 'உருளை' என்று பெயர் வைத்ததும் அவர்தான், நாக்கு நன்றாக இருந்த காலத்தில். பேச்சு போனதிலிருந்து அந்த ஒரு கையை வைத்தே வீட்டை ஆட்டி வைத்தார். கொழகொழவென்று இருப்பதைக் கண்டாலே முகம் சுளிப்பார். இரண்டு மூன்று வாய் ஊட்டியதும் உள்ளங்கையை முகத்துக்கு நேராக நீட்டி நிறுத்திவிடுவார். அதற்கப்புறம் வண்டி நகராது. தினமும் பாதிக் கிண்ணம் அப்படியே திரும்பும். எலும்பும் தோலுமாக ஆகிக்கொண்டிருந்தார்.

இன்று காலை குழந்தையின் பிளாஸ்டிக் கிண்ணம் கீழே விழுந்து விரிசல் விட்டிருந்தது. அதனால் இரண்டு பேருக்கும் எவர்சில்வர் கிண்ணம், ஒரே அளவு. பூசணி மசியலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை இளக்கி, ஒன்றில் உப்புப் போட்டு முடித்த நேரத்தில், தண்ணீர் கேன் போடுகிறவர் மணியடித்தார். குழந்தை காலைப் பிடித்துக்கொண்டு கத்தியது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்தாள். கைக்கு வந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

அவ்வளவுதான் நடந்தது.

அப்பா சாப்பிட்டார். நீட்டி நிறுத்துகிற கை வரவே இல்லை. வாயைத் திறந்து காத்திருந்தார். "ரை," என்றார். 'போலாம் ரைட்' என்பதில் அவர் வாயில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இளகலாக இருந்ததைக் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. "ரை... ரை..." என்று அவர் கேட்கக் கேட்க ஊட்டினாள். அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துக் கொடுத்தாள். பிறகு இருமினார். நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். இருமல் அடங்கியது. உள்ளறைக்குப் போய்க் குழந்தையை அதன் நாற்காலியில் உட்கார வைத்து முதல் வாய் கொடுத்தாள். குழந்தை முகத்தைக் கோணித் துப்பியது. அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

ஓடி வந்தபோது அப்பாவின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இதயம் நின்னிருக்கலாம், இன்னொரு ஸ்ட்ரோக்காவும் இருக்கலாம். எதுன்னு சொல்றது கஷ்டம்மா," என்றார். கிளம்பும்போது, "கடைசியா என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். "வழக்கமா குடுக்கறதுதான்," என்று அவள் வாய் தானாகச் சொல்லிற்று. இவ்வளவு சுலபமாகத் தனக்குப் பொய் வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வாசலில் கார் நின்றது. அண்ணன் செருப்பைக் கழற்ற மறந்து கூடத்துக்குள் வந்து, பிறகு திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தான். அழவில்லை. துணியை விலக்கி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். தாடையைத் தொட்டான். வாயோரத்தில் மஞ்சளாக ஒரு கீற்று காய்ந்திருந்தது. எல்லாவற்றையும் கழுவியவள் அதைப் பார்க்கவில்லை. அவன் கட்டைவிரலால் அதைத் துடைத்து, விரலையே பார்த்தான்.

"என்ன குடுத்தே?"

"பூசணிக்காய்."

"கெட்டியாத்தானே?"

"ம்."

அவன் வேறு ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் உள்ளறையிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. நல்ல மனுஷி. குழந்தை பசியில் நெளிகிறதே என்று, நாற்காலித் தட்டில் இருந்த கிண்ணத்தை எடுத்து ஊட்டப் பார்த்திருக்கிறார்.

"இதென்னம்மா, உருளையோட சாப்பாட்டுல இவ்ளோ உப்பு? மிளகு வேற! பச்சப் புள்ளைக்கு யாராவது இப்படிப் போடுவாங்களா?"

இந்தக் கிண்ணத்தைத் தேய்தேய் என்று தேய்த்தவள் அந்தக் கிண்ணத்தை மறந்தே போயிருந்தாள்.

அண்ணன் எழுந்து உள்ளே போனான். அவளும் பின்னாலேயே போனாள். டீச்சர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினான். உள்ளே ஸ்பூன் நட்டுவைத்த மாதிரி நின்றது. ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து, கையை நீட்டி, மெதுவாகக் கவிழ்த்தான்.

மசியல் விழவில்லை. அவனும் கையை இறக்கவில்லை.

"டீச்சர், குழந்தையக் கொஞ்சம் வெளியில வெச்சிருக்கீங்களா?" என்றான்.

டீச்சர் போனதும் கதவைச் சாத்தினான்.

"அப்ப அவருக்குப் போனது உருளையோடது."

அவள் தலையாட்டினாள்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"வீட்டுக்காரர்கிட்ட?"

"யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டயும் இப்ப பொய்தான் சொன்னேன்."

அவன் நெற்றி நரம்பு புடைத்தது. சின்ன வயதில் அடிக்கப் போகிற நேரத்தில் அப்படித்தான் புடைக்கும். அடித்துவிட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"தண்ணி எவ்ளோ ஊத்தியிருந்தே?"

"தண்ணி இல்ல."

"பின்ன?"

"என் பால்."

அண்ணன் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். கூடத்தில் யாரோ நாற்காலி இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"கேப்பேன்னு சொன்னியே, கேளு," என்றாள் அவள். "நான்தான் கூட்டிட்டு வந்தேன். நான்தான் என் பொறுப்புன்னேன். நீ சொன்னபடி ட்யூப் போட்டிருந்தா இருந்திருப்பாரு. கேளேன்டா!"

"கத்தாத."

அவன் குழந்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"எவ்ளோ சாப்பிட்டாரு?"

"எல்லாத்தையும்."

"சும்மா சொல்லாத."

"நெசமாத்தான். கையே காட்டல. ரை ரைன்னாரு. வழிச்சுக் குடுத்தேன், அதையும் சாப்பிட்டாரு."

"அவரா?"

"அவருதான்."

அண்ணனின் தோள் ஒரு தடவை குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஆஸ்பத்திரியில ட்யூப் வழியா நான் ஊத்துவேன்ல, அப்ப என்னைப் பாக்கவே மாட்டாரு. சீலிங்கையே பாத்துட்டுக் கெடப்பாரு. நான் ஏதோ வண்டிக்கு டீசல் ஊத்துற மாதிரி..." நிறுத்திக்கொண்டான். "இங்க பாரு, நீ பண்ணினது சரின்னு நான் சொல்ல மாட்டேன்."

"வேணாம். தப்புதான்."

"தப்புதான்," என்று அவனும் சொன்னான்.

கையிலிருந்த ஸ்பூன் இன்னும் நிறைந்தே இருந்தது. அதை அவன் வாயில் போட்டுக்கொண்டான். மென்று தின்ன அதில் எதுவும் இல்லை. ஆனாலும் வெகு நேரம் மென்றான். பிறகு இன்னொரு ஸ்பூன். அப்பாவின் பங்கு முழுவதையும் தரையில் உட்கார்ந்தபடியே தின்று தீர்த்தான். அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு பத்தல," என்றான். கிண்ணத்தை அவளிடம் கொடுக்காமல் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தான்.

கூடத்தில் சித்தப்பா வந்திருந்தார். அவளுடைய கணவன் வாசலில் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். சித்தப்பா அண்ணனின் முகத்தைத் சின்னப் பையன் முகம் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். தெருக்காரர்கள் நாலைந்து பேர் சுவரோரமாக நின்றார்கள். அவள் அப்பாவின் தலைப்பக்கம் போய் நின்றாள்.

"கடைசியா ஏதாவது வாயில போச்சாப்பா? பட்டினியா போயிடலியே?" என்று சித்தப்பா கேட்டார். அண்ணனிடம் கேட்டுவிட்டு அவளையும் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

சொல்லிவிடலாம். இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டால் ஒரேயடியாகத் தீர்ந்தது.

"சாப்பிட்டாரு சித்தப்பா," என்றான் அண்ணன். "இவ ஊட்டினா. வயிறாரச் சாப்பிட்டாரு."

"நல்லதுப்பா," என்றார் சித்தப்பா. "அது போதும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் அப்பாவின் போர்வையைக் காலருகே இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான்.

வாசலில் டீச்சரின் தோளில் கிடந்த குழந்தை வீறிட்டது. அது பசி அழுகை, அவளுக்குத் தெரியும். அவள் நகரவில்லை. ஆனால் அவள் மார்பு கனத்து, கூசி, அவளைக் கேட்காமலே சுரக்கத் தொடங்கியது. ரவிக்கையின் ஒரு பக்கம் நனைந்தது, பிறகு மறுபக்கம். குனிந்து பார்க்காமலே ஈரம் பரவுவது தெரிந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்றும் தெரிந்தது. மறைத்துக்கொள்ளக் கை எழவில்லை. இரண்டு கையும் அப்பாவின் தலையணை ஓரத்தைப் பிடித்திருந்தன.

அண்ணன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். அவள் பக்கம் திரும்பாமலே அதை நீட்டினான்.