வாத்து நெஞ்சில் அரிசி

கண்ணாடிக் கடைக்காரருடைய மச்சானுக்கு வேட்டை நண்பர்கள் வைத்த பெயர் வெறுங்கை. பருவம் தவறாமல் உரிமம் வாங்குவார், துப்பாக்கியைத் துடைப்பார், இடுப்பளவு சேற்றில் மணிக்கணக்காக நிற்பார். பிடித்துக்கொண்டு வருவது சளி ஒன்றுதான். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு காட்டு வாத்துகளைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியபடி தங்கை வீட்டு வாசலில் நின்றார்.

தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மதியம் சாப்பிட வரவேண்டும் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பிவிட்டு இறகு பிடுங்க உட்கார்ந்தாள். தோலை உரித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. நெஞ்சுக்கறி முழுக்க அரிசி. ஒரு பிடி அள்ளித் தூவியதுபோல, தசைநார்களுக்கு நடுவே வரிசையாகப் படுத்துக்கிடந்தது.

கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து குனிந்து பார்த்தார்.

"அரிசி தின்ன வாத்தா இருக்கும்," என்றாள் மனைவி.

"தின்னா வயித்துல இருக்கணும். நெஞ்சுல எப்படி வரும்? இது ஏதோ புழு."

குப்பையில் போட்டுவிடலாம் என்றார். அவள் விடவில்லை. வயது நாற்பதைத் தாண்டியபிறகு அண்ணன் முதல்முறையாக ஒன்றை அடித்திருக்கிறார், அதைப் போய்க் குப்பையில் போட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று மூக்கை உறிஞ்சினாள். அண்ணன் மனம் நோவதைவிடப் புருஷன் வயிறு நோவது அவளுக்குப் பெரிதில்லை போலும் என்று நினைத்துக்கொண்டே, அவர் ஒரு துண்டை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு தெருமுனைக் கால்நடை டாக்டரிடம் போனார்.

அங்கே ஒரு முயலுக்கும் குரைக்கிற நாய்க்கும் நடுவில் இடம் கிடைத்தது. உங்களுடையதற்கு என்ன நோய் என்று நாய்க்காரர் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்துக் கேட்டார். கொஞ்சம் முற்றிவிட்டது என்றார் கடைக்காரர்.

டாக்டரம்மா பார்த்த பார்வையிலேயே சொல்லிவிட்டார். ஒட்டுண்ணிதான், காட்டு வாத்துகளுக்கு வருவது உண்டு. உள்ளே வரைக்கும் நன்றாக வெந்துவிட்டால் மனிதருக்கு ஒன்றும் செய்யாது. பச்சையாக மட்டும் நாய், பூனைக்குப் போட்டுவிடக் கூடாது.

"நீங்களா இருந்தா சாப்பிடுவீங்களா டாக்டர்?"

"தூக்கிப் போட்டுருவேன்," என்றார் அவர். "பயத்துல இல்ல. பார்க்கச் சகிக்காது."

கடைக்காரருக்கு இருந்த ஒரே சாக்கும் போயிற்று. வீட்டில் நிலைமை தலைகீழ். ஒட்டுண்ணி என்ற சொல் காதில் விழுந்ததும் மனைவிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே வாத்தை வேகவைத்தாள். வெந்தபிறகும் இறக்க மனம் வராமல் இன்னும் வேகவைத்தாள். தனக்கு மட்டும் முட்டை பொரித்துக்கொண்டாள்.

மச்சான் வந்து உட்கார்ந்தார். பெரிய துண்டாகப் பார்த்து மாப்பிள்ளை தட்டில் வைத்தார். தன் தட்டில் வைக்கவில்லை.

"நீங்க போட்டுக்கலையா மச்சான்?"

தான் அடித்ததைத் தானே தின்பதில்லை என்பது வேட்டைக்காரர்களின் முறை என்றார் அவர். இதுவரை எதையும் அடித்திராதவர் எந்த முறையைக் கண்டார் என்று கடைக்காரர் அவரையே பார்த்தார். மச்சானின் கழுத்து மெல்லச் சட்டைக் காலருக்குள் இறங்கியது. விஷயம் வெளியே வந்தது. அடித்தது மூன்று. ஒன்றை முதலில் அவர் வீட்டில்தான் உரித்திருக்கிறார்கள். அரிசியைப் பார்த்த அவர் மனைவி வாத்தை ஒரு வாசல் வழியாகவும் அவரை இன்னொரு வாசல் வழியாகவும் அனுப்பிவிட்டாள்.

"தெரிஞ்சேதான் எங்களுக்குக் குடுத்தீங்களாண்ணே?" என்றாள் தங்கை.

"எல்லாத்துலயும் இருக்காதுன்னு நினைச்சேன்." அவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். "நான் அடிச்சதை யாராவது ஒருத்தர் சாப்பிட்டுப் பார்க்கணும்னு இருந்துச்சும்மா."

கடைக்காரருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. டாக்டர் சொன்னதைச் சொல்லி, மச்சான் தட்டிலும் ஒரு துண்டை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தார். ருசி மோசமில்லை. இரண்டாம் கடியில் கடக்கென்று சத்தம் கேட்டது. அரிசிக்குப் பயந்தவரின் கடைவாய்ப் பல்லைத் துப்பாக்கி ரவை பதம் பார்த்துவிட்டது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் துப்பியதை மச்சான் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நெஞ்சுலதான் பட்டிருக்கு, மாப்பிள்ளை," என்றார்.