அடிப்பிடித்த சோற்றுத் தண்ணீர்

கெங்கம்மாளுக்கு யாரையும் சுலபத்தில் பிடிக்காது. ஹான் சாரை மட்டும் வந்த வாரமே பிடித்துப்போனது. கொரியாவிலிருந்து வந்து திருமழிசைத் தொழிற்பேட்டையில் எஞ்சினியராக இருக்கிற மனுஷன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். சமைக்க வருகிற கெங்கம்மாளுக்குத் தினமும் தலைகுனிந்து வணக்கம் சொல்வார். "இப்டி ஒரு ஆம்பளைய எங்க தெருவுல காட்டு பாக்கலாம்" என்று டிரைவர் டில்லிபாபுவிடம் சவால் விடுவாள். அவன் தலையைச் சொறிவான்.

அந்த மனுஷனுக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்டும் சாப்பாடு இறங்கவில்லை. இட்லி, ரசம், ரொட்டி, எதை வைத்தாலும் இரண்டு வாய்தான். பிறகு கும்பிடு போட்டு எழுந்துவிடுவார். எட்டு மாதமாக உயிரைக் கொடுத்து அவர் நிறுவிய புது மெஷினை அடுத்த வாரம் ஓட்டிக்காட்ட வேண்டும்.

"இந்த வெள்ளிக்கெழமக்குள்ள துன்னு தேறலன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்கக்கா," என்றான் டில்லிபாபு. "அன்னிக்கே ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்லிக்கிறாங்க. மெஷின வேற ஆளு வந்து ஓட்டுவான்."

"அவுரு இன்னா சொன்னாரு?"

"ஜன்னல் பக்கம் திரும்பிக்கினாரு."

கெங்கம்மாள் கரண்டியை நங்கென்று வைத்தாள். பாடுபட்டவன் ஒருத்தன், பேர் வாங்குகிறவன் இன்னொருத்தனா?

செவ்வாய்க்கிழமை, அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த கனத்த சட்டியில் கஞ்சி வடிக்காமல் சோறு வைத்தாள். தண்ணீர் கேன்காரர் கீழே நின்று கத்தினார். அந்தப் பூந்தமல்லி அடுக்குமாடியில் லிஃப்ட் அன்றைக்கென்று மக்கர். நாலு மாடி இறங்கி, கேன்காரரோடு சண்டை போட்டு, ஏறி வருவதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது. இருபது வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவள் செய்கிற வேலையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மேல்சோற்றை எடுத்துவிட்டு, ஒட்டியதைப் பெயர்க்கத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டாள்.

வாசனை வீடெல்லாம் பரவியது. ஹான் சுவரைப் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மன்ச்சிக்கோ சார், தீஞ்சி பூட்ச்சி. இதோ கொட்டிடறேன்."

"கொட்ட வேணாம், அம்மா."

அவரே கிண்ணம் எடுத்து அந்தப் பழுப்புத் தண்ணீரை மொண்டு ஊதி ஊதிக் குடித்தார். ஊறிய காந்தலைச் சுரண்டித் தின்றார். மறுபடி ஒரு கிண்ணம். பிறகு போனில் ஏதோ பேச, அது தமிழில் திருப்பிச் சொன்னது: "எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் இதைத்தான் குடிப்போம். இத்தனை நாளும் இதற்குத்தான் ஏங்கினேன். நன்றாகச் சமைக்கிற உங்களிடம் சோற்றைத் தீய்த்துத் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது?"

கெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பட்டினி கிடந்தாலும் கிடப்பாராம், சமைக்கிறவள் மனசு நோகக்கூடாதாம். இப்படியும் ஒரு மனுஷனா!

மறுநாள் வேண்டுமென்றே தீய்க்கப் பார்த்தாள். கை தன்னால் அடுப்பைக் குறைத்துவிட, சோறு பொலபொலவென்று வந்து தொலைத்தது. இரண்டாவது சட்டி கரியாகிப்போனது. வியாழக்கிழமைதான் அந்தப் பழுப்பு நிறம் கைக்கு வந்தது. அன்றைக்கு ஹான் மூன்று கிண்ணம் குடித்தார், கூடவே சோறும் முட்டையும் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்தது. ஹான் சட்டையை இன் செய்துகொண்டு, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். பின்னாலேயே கெங்கம்மாள் சூடான காந்தல் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்க்கோடு வந்தாள். டில்லிபாபு டிக்கியைத் திறந்தான்.

"பொட்டி எங்க சார்?"

"பெட்டி வேணாம்," என்றார் ஹான். "கம்பெனி போ."

கெங்கம்மாள் பிளாஸ்க்கை அவர் மடியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.